பாலாற்றை விட்டுவிட்டு எந்த உலகத்தைக் காட்டுகிறோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆண்டு விழாவில் பிள்ளைக்கு ஜப்பான் உடை மாட்டி, கையில் ஒரு கொடியைக் கொடுத்து மேடையேற்றிவிட்டு, ‘உலகத் தரக் கல்வி’ என்று பள்ளிகள் நோட்டீஸ் அடிக்கின்றன. வெளிநாட்டுப் பள்ளியோடு வீடியோ காலும் உண்டு, இரண்டு பக்கமும் குட்மார்னிங் சொல்லி, பொங்கலைப் பற்றி நாலு வரி ஒப்பித்து, போட்டோ எடுத்ததும் முடிந்தது. இதற்குத் தனிக் கட்டணம் வேறு.

உலகப் பார்வை பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் பழைய வடஆற்காட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் கொடியிலும் உடையிலும் தேடுவதுதான் எரிச்சலாக இருக்கிறது. வேலூர் சிஎம்சி பக்கம் போனால் வைத்தியத்துக்கு வந்த வங்காளிக் குடும்பங்கள் தெருவெல்லாம் நிற்கின்றன, கடைப் பலகையிலேயே வங்காள எழுத்து இருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. அந்தத் தோலைப் பதனிட்ட கழிவுநீர் பாலாற்றுக்கு வந்தது.

இங்கேதான் பாடமே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? டேனரிப் (தோல் பதனிடும் ஆலைகள்) பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. அப்புறம் 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, 1992 ரியோ மாநாடு என்று சுற்றுச்சூழலுக்காக உலக நாடுகள் கூடிப் பேசியதையெல்லாம் எடுத்துக்காட்டி, கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்கிற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் நடத்துகிற தீர்ப்பு அது. ஸ்டாக்ஹோமில் பேசியது நம் ஊர்க் கிணற்று நீர் வரைக்கும் எப்படி வந்தது என்று ஒரு வகுப்பில் சொன்னால், சர்வதேச ஒத்துழைப்பு என்றால் என்ன என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதா? பிரச்சினை இன்னும் தீரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

முதலாளிகளுக்கு எதிராகப் பேசுவதாகச் சிலர் சொல்லலாம். சரி, என் வீட்டு அடுப்பும் தோல் காசில்தான் எரிகிறது. வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றால் என்ன செய்வது என்று வளரும் பிள்ளைகள் யோசிக்கட்டுமே.

வீடியோ கால்தான் வேண்டும் என்றால் டாக்காவில் ஒரு பள்ளியைப் பிடியுங்கள். அங்கே ஹசாரிபாக் டேனரிகளின் கழிவு புரிகங்கா ஆற்றைக் கெடுத்து, 2017இல் அவற்றை சாவாருக்கு மாற்றி, இப்போது அந்தப் பக்கத்து ஆறான தலேஸ்வரி கெடுகிறது என்கிறார்கள். இடத்தை மாற்றினால் தீருமா, சுத்திகரிப்பு நிலையம் ஏன் திணறுகிறது, மலிவாக ஷூ கேட்கிற நாடுகளுக்கு இதில் பங்கு உண்டா என்று இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. ஆங்கிலம் இரண்டு பக்கமும் தடுமாறும், பரவாயில்லை.

தீர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆங்கிலத்தில். பள்ளிக் கல்வித் துறை அதில் பாலாறு வரும் பகுதிகளை மட்டுமாவது எளிய தமிழில் அச்சடித்துக் கொடுத்தால், மீதியை எங்கள் ஊர் ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
மேல்விஷாரம்.