அன்போடு அனுப்பி வைக்கணுமாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வீட்டுலயே பர்த்டே பார்ட்டி நடத்துறது எப்படின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. பலூன் எங்க கட்டுறது, சமோசாவுக்கு எப்ப சொல்லி வைக்கிறது, ரிட்டர்ன் கிஃப்ட்டை நூறு ரூபாய்க்குள்ள எப்படி முடிக்கிறதுன்னு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசிப் பாராவுல ஒரு வரி. ஆட்டிசம் மாதிரி பிரச்சனை உள்ள குழந்தைங்க வந்தா, மத்த குழந்தைங்க உற்சாகம் கெடாதபடி, கேக் வெட்டினதும் "அன்போடு அனுப்பி வைப்பது இரு தரப்புக்கும் நல்லது". இரு தரப்பாமே! காவிரித் தண்ணிக்கா சார் பேச்சுவார்த்தை நடக்குது? அஞ்சு வயசுப் பிள்ளைங்க, கேக் தின்ன வந்திருக்குதுங்க.

அந்த 'அன்போடு' யார் சேர்த்ததுன்னு தெரியல, எழுதினவங்களா நீங்களா. கோபமா போகச் சொன்னாக்கூட நாலு வார்த்தை திருப்பிக் கேட்டுட்டு வரலாம். அன்பா அனுப்பினா சிரிச்சுக்கிட்டே படி இறங்கணும். நான் இறங்கியிருக்கேன்.

என் பையனுக்கு ஆட்டிசம், இப்ப ஆறு வயசு, நாங்க திருச்சி. அவனுக்கு நாலு வயசா இருக்கும்போது சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், சின்ன ஹால்தான், உள்ள போனதுமே மைக், பாட்டு, ஒருத்தர் டமால்னு பார்ட்டி பாப்பரை வெடிக்க, இவன் காதைப் பொத்திக்கிட்டு டேபிளுக்கு அடியில பூந்துட்டான். பயந்துட்டா அவன் ஜங்ஷன்ல கேட்ட அறிவிப்பைச் சொல்லுவான், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வண்டி எண் ஒன்று இரண்டு ஆறு ஐந்து நான்கு"ன்னு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், ஒரு எழுத்து பிசகாது. நாலு பேரு சிரிச்சாங்க, ஒருத்தங்க வீடியோ எடுத்தாங்க. வீட்டுக்காரம்மா வந்து என் தோள்ல கை வச்சு, "பாவம், புள்ளைக்குத் தூக்கம் வருது போல, நீ கூட்டிட்டுப் போம்மா, சாப்பாட்டை டப்பாவுல போட்டுத் தர்றேன்"னாங்க. சாயங்காலம் ஆறரை மணிக்கு யாருக்கு சார் தூக்கம் வரும்? அடுத்த வருஷம் கூப்பிடவே இல்ல. ஆனா ரிட்டர்ன் கிஃப்ட் மட்டும் யார்கிட்டயோ குடுத்துவிட்டு எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன் கைல வந்து சேந்துச்சு, பென்சில் பாக்ஸ். அந்த பாக்ஸை நான் இன்னும் பிரிக்கல, பீரோ மேல கிடக்கு.

உங்க பத்திரிகைய எங்க அம்மா காலத்துலேருந்து வாங்குறோம், அதனால உரிமையோட சொல்றேன். ஏப்ரல் 2, ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வந்தா போதும், மூலையில முழங்காலைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கிற ஒரு குழந்தை படம், சுத்தி நீலக் கலர் பலூன். பலூன் வெடிக்கிற சத்தம்தான் எங்க பிள்ளைங்க நிறைய பேருக்கு எமன், யாராச்சும் ஆபீஸ்ல சொல்ல மாட்டீங்களா? ஆட்டிசத்துக்கு 'மதியிறுக்கம்'னு தலைப்பு வேற. எவன் கண்டுபிடிச்ச வார்த்தையோ. என் பையன் மதி ஒண்ணும் இறுகல, ரயில் நம்பர் அம்பது சொல்லுவான். டாக்டர் பதில்கள் பக்கத்துல ஒரு தடவை, அம்மா எந்நேரமும் செல்போன் பாத்தா குழந்தைக்கு இப்படி வரும்கிற மாதிரி பதில் வந்துச்சு, எங்க மாமியார் அதைக் கத்தரிச்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சாங்க. அமெரிக்காவுல ஒரு காலத்துல பாசம் இல்லாத 'ஃப்ரிட்ஜ் அம்மா'வாலதான் ஆட்டிசம் வருதுன்னு பெரிய பெரிய டாக்டருங்களே சொல்லிட்டுத் திரிஞ்சாங்க, 1964லயே பெர்னார்ட் ரிம்லாண்ட்னு ஒருத்தர், அவரும் இப்படி ஒரு பையனுக்கு அப்பா, அது தப்புன்னு புத்தகமே எழுதிட்டாரு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? அங்க ஃப்ரிட்ஜ், இங்க செல்போன், அவ்வளவுதான்.

மாற்றுத்திறன் சர்டிஃபிகேட்டுக்கு, ஆட்டிசம் எவ்வளவு இருக்குன்னு அளக்க 'ஐசா'ன்னு ஒரு டெஸ்ட் வப்பாங்க. 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க். கண்ணைப் பாக்குறானா, சொன்னதையே சொல்றானா, சுத்துற சாமானையே பாக்குறானான்னு எல்லாம் வரும். இதுவரைக்கும் எத்தனை பேரு பர்த்டேக்குக் கூப்பிட்டாங்கன்னு ஒரு கேள்வி கிடையாது. 2016 சட்டத்துல 21 வகை மாற்றுத்திறன்ல ஆட்டிசத்தையும் சேத்தாச்சு, கார்டு தர்றாங்க சரி. அந்தக் கார்டைக் காட்டி ஒரு துண்டு கேக் வாங்க முடியுமா?

சும்மா குறையா சொல்றேன்னு நினைக்காதீங்க. இந்த வருஷம் கீழ் வீட்டுல அவங்க பொண்ணுக்கு அஞ்சாவது பர்த்டே. அவங்க அம்மா நாலு நாள் முன்னாடியே மேல ஏறி வந்து, "அக்கா, தம்பிக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காது"ன்னு கேட்டாங்க. எனக்கு உடனே பதிலே வரல, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே. அப்புறம் சொன்னேன். பாப்பர், ஸ்னோ ஸ்ப்ரே வேணாம், பாட்டு வச்சா மெதுவா வைங்க, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி ஒருக்கா ஹாலைக் காட்டிடுறேன்னு. பெட்ரூம்ல ஃபேனைப் போட்டுக் கதவைத் திறந்து விட்டிருந்தாங்க, ரெண்டு தடவை போய் ஃபேனைப் பாத்துட்டு அவனே திரும்பி வந்தான். கேக் வெட்டும்போது யாரும் கை தட்டல. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டணும்னு சொல்லி வச்சிருந்தாங்க போல, பதினஞ்சு பிள்ளைங்களும் ஆட்டுச்சுங்க. சந்தோஷம் வந்தா இவன் எப்பவும் அப்படித்தான் கையை ஆட்டுவான். நான் அடுப்படிப் பக்கம் போயிட்டேன். சாப்பாடு? தயிர் சாதம் நான் கொண்டு போன டப்பாவுல, கூட அவங்க வீட்டு சிப்ஸ். எங்களுக்காகன்னு அவங்களுக்குப் பத்து பைசா கூடுதல் செலவு இல்ல.

இன்னொண்ணு. அந்தப் பார்ட்டியில நிஜமாவே உற்சாகத்தைக் கெடுத்தது வேற ஒரு வாண்டு. பர்த்டே பொண்ணுக்கு முன்னாடியே மெழுகுவத்திய ஊதிட்டு கேக்குல விரலையும் விட்டுட்டான், அந்தப் பொண்ணு அரை மணி நேரம் அழுதுச்சு. அவனுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, நார்மலான பையன், அதனால அவனை யாரும் அன்போடு அனுப்பி வைக்கல.

நான் கேக்குறது ரொம்பச் சின்ன விஷயம். அடுத்த இதழ்ல அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல, அந்த வரி தப்புன்னு போட்டு, கூப்பிடும்போதே அந்தக் குழந்தையோட அம்மாவுக்கு ஒரு போன் போட்டு எது ஒத்துக்கும்னு கேட்டுக்கோங்கன்னு ஒரு வரி சேருங்க. ஏப்ரல் வரைக்கும் வச்சிருக்காதீங்க. எங்க வீட்டுப் பர்த்டே நவம்பர்ல வருது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி