கடைசிப் பக்கம் வரை வந்தவர்களுக்கு

டெக்சாஸில் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுகர்லேண்டிலும் மிசூரி சிட்டியிலும் இருக்கும் நம் மக்களுக்கு வணக்கம்.

2022 நவம்பர் 8 தேர்தல் முடிந்து, ஜனவரி 1 அன்று புது நீதிபதிகள் பதவியும் ஏற்றுவிட்டார்கள். வாக்குச்சீட்டின் கடைசியில் வரும் நீதிபதிகளைப் பற்றித் தமிழில் அச்சடித்துக் கொடுத்த தாளுக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் இந்த மடல் இவ்வளவு தாமதமானதற்கு என் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

எல்லாம் அம்மா கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது. குடியுரிமை வாங்கியபின் அவருக்கு இது முதல் தேர்தல். மாதிரி வாக்குச்சீட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், "ஜட்ஜுக்குமா ஓட்டு? அப்புறம் அவர் தீர்ப்பு எழுதுவாரா, ஓட்டுக் கேட்டு அலைவாரா?" என்றார். ஊரில் முன்சீப் கோர்ட்டைக் கண்டாலே ஒதுங்கி நடந்தவர் கேட்டது நியாயம்தான். என்னிடம் பதில் இல்லை. முன்பெல்லாம் கட்சிக்கு ஒரே பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிடுவேன். 2020இல் டெக்சாஸ் அந்த வசதியை எடுத்துவிட்டது. அதிலிருந்து மேலே வரும் பெரிய பதவிகளுக்கு மட்டும் போட்டுவிட்டு, நீதிபதிகள் வரும் இடத்தில் கை ஓய்ந்து வெளியே வந்துவிடுவேன். நம் வீட்டு விவாகரத்தும் நில வழக்கும் போகிற இடம் மாவட்ட நீதிமன்றம் என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

அம்மாவுக்காக ஒரு தாளில் தமிழில் குறிப்பு எழுதினேன். அதை வாங்கிப் படித்த வழக்கறிஞர் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. 'கவுண்டி ஜட்ஜ்' என்ற பதவியை நான் நீதிமன்றக் கணக்கில் சேர்த்திருந்தேன். "தம்பி, அவர் கவுண்டி நிர்வாகத்துக்குத் தலைவர். பெயரில்தான் ஜட்ஜ்" என்று சிரித்தார். நம் கவுண்டியில் அப்போது கே.பி. ஜார்ஜ் வகித்த அந்தப் பதவியை நீதிபதி வேலை என்று நினைத்திருந்தவன் நான் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது, கொஞ்சம் ஆறுதல். மாவட்ட நீதிபதிக்கு நான்கு ஆண்டுப் பதவி, கட்சிப் பெயரோடு போட்டி, நடுவில் இடம் காலியானால் ஆளுநர் நியமிப்பார் என்ற வரிகளெல்லாம் அவர் சொல்லி நான் எழுதியவை.

அடுத்த நன்றி பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சிக்கு. அவர் செவிலியர். 240ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்கு நின்ற சுரேந்திரன் பட்டேலின் கதையை அவர்தான் சொன்னார். காசர்கோட்டில் சிறுவயதில் பீடி சுற்றியவர், கோழிக்கோட்டில் சட்டம் படித்தவர். மனைவிக்கு ஹூஸ்டனில் செவிலியர் வேலை கிடைத்து 2007இல் குடும்பத்தோடு இங்கே வந்து, டெக்சாஸ் வழக்கறிஞர் தேர்வு எழுதி, மறுபடியும் படித்திருக்கிறார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2022 மார்ச் தேர்தலில், பதவியில் இருந்த நீதிபதியையே தோற்கடித்தார். அவருடைய ஆங்கில உச்சரிப்பைப் பிரசாரத்தில் கிண்டல் செய்தவர்களும் உண்டு. இதையும் தாளில் போடு என்று சேச்சி கேட்டார். யாருக்கும் ஆதரவாக ஒரு வரிகூட வரக்கூடாது என்று முடிவு செய்திருந்ததால் மறுத்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மீன் குழம்போடு வந்து ஐம்பது பிரதி வாங்கிப் போனார். பட்டேல் ஜெயித்துப் பதவி ஏற்றபின் எழுதுவதால், கதையை இங்கே போட்டுவிட்டேன் சேச்சி, கணக்குச் சரியா?

தட்டச்சு செய்த தங்கைக்கும், அலுவலகத்தில் கேட்காமல் சொந்தக் காசில் அச்சடித்த நண்பருக்கும் நன்றி. நூலக வாசலில் வெயிலில் நின்று கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு பிரியாணி பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

வாக்குச்சாவடி ஊழியர் அம்மையார் தமிழ் படிக்க மாட்டார், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வாக்களிக்கும் இடத்திலிருந்து நூறு அடிக்குள் கைப்பேசி கூடாது என்றதும் நம் பெரியவர் ஒருவர் திணறிப்போனார். பெயர்களையெல்லாம் அதில்தான் குறித்து வைத்திருந்தார். "காகிதம் கொண்டு போகலாம்" என்று சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை அந்த அம்மையார் காத்திருந்தார். உதவிக்கு வந்த மருமகளிடம் உறுதிமொழி வாங்கியபோதும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி விளக்கினார்.

அம்மா மளிகைச் சீட்டு மாதிரி நான்காக மடித்த தாளோடு உள்ளே போனார். வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. "கடைசியில் இருந்தவங்களைத்தான் முதல்ல தேடினேன்" என்றார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மீதித் தாள்கள் கார் ஷெட்டில் கிடக்கின்றன. அடுத்த தேர்தலுக்குத் தேதியும் நீதிமன்றங்களும் மாறும், புதிதாக எழுத வேண்டும். தங்கைக்குக் கை ஒழியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.