பழைய லீக்ஸ் விலை ஏன் உங்கள் போனிலேயே கிடக்கிறது?

வணக்கம். போன கிழமை அட்டன் பக்கத்துக் கடைக்கார அண்ணன் ஒருவர் எங்கள் கந்தப்பளை ஸ்டோருக்கு வந்து போனை நீட்டி, "லீக்ஸ் 180 என்று நீங்கள்தானே போட்டிருக்கிறீர்கள், இப்போது 310 கேட்டால் எப்படி?" என்று நியாயம் கேட்டார். போட்டது நாங்கள்தான். ஆனால் அது மூன்று கிழமைக்கு முந்திய விலை, மழைக்கு முன்னால் போட்டது. எங்கள் செய்தியோடையிலிருந்து (நாங்கள் இணையத்தில் போடும் பதிவுகளின் பட்டியல்) அது எப்போதோ போய்விட்டது, அவருடைய ரீடரில் (அந்த ஓடையைப் படித்துக் காட்டும் ஆப்) மட்டும் அப்படியே கிடந்தது, தலைப்பிலும் நாங்கள் வெறுமனே "இன்றைய விலை" என்றுதான் எழுதிவந்தோம். அந்தப் பிழை எங்களுடையது. 180க்கே கொடுத்தனுப்பினோம் (அன்றைக்கு மட்டும்!).

கடைப் பலகையில் சோக்கால் எழுதிய விலையை நாங்கள் அழித்துவிடலாம், அதைப் பார்த்து நீங்கள் உங்கள் கொப்பியில் குறித்துவைத்ததை அழிக்க எங்களுக்குக் கை எட்டாது. ரீடரும் அந்தக் கொப்பிதான், வந்து பார்க்கும் ஒவ்வொரு பதிவையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஆர்.எஸ்.எஸ் என்ற வகை ஓடையில் டி.டி.எல் என்று ஓர் எண் உண்டு. அதில் 60 போட்டுவிட்டு, விலை ஒரு மணித்தியாலத்தில் தானாக அழிந்துவிடும் என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். பார்த்தால் அது நிமிடக் கணக்கு, ரீடர் மறுபடி வந்து பார்க்க எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதற்கு மட்டும். அழிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீக்கிய பதிவை அறிவிக்க ஆட்டம் என்ற இன்னொரு வகை ஓடைகளுக்கு 2012இல் ஒரு வழிமுறை (ஆர்.எஃப்.சி 6721 என்ற இணைய விதி ஆவணம்) வந்தது, ஆனால் எல்லா ரீடரும் அதை மதிக்கும் என்று நம்பி மரக்கறி வியாபாரம் பண்ண முடியாது.

சரி, இனி என்ன செய்யப்போகிறோம்? நாளுக்கொரு புதுப் பதிவு போடாமல், ஒரே அடையாள எண்ணில் இருக்கும் பதிவையே திருத்துவோம். பல ரீடர்கள் அப்போது பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். எழுதாதவையும் இருக்கின்றன, அதனால் தலைப்பின் முதல் வார்த்தையே திகதியாக இருக்கும், பக்கத்தில் "மாலை 6 மணி வரை" என்றும் போடுவோம்.

மிச்சம் உங்கள் கையில். ரீடரின் செட்டிங்கில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்டால் 2 போடுங்கள். கணினியில் தண்டர்பேர்ட் (மின்னஞ்சலோடு ஓடைகளும் படிக்கும் மென்பொருள்) பாவிப்பவர்கள் எங்கள் ஓடையின் ஃபோல்டரில் ப்ராபர்டீஸ், அதற்குள் ரிடென்ஷன் பாலிசி என்று போய்ப் பாருங்கள். ஹோட்டல்காரர்கள் சிலர் போன மாத விலையோடு ஒப்பிடுவார்கள், அவர்கள் அழிக்கவே வேண்டாம். ஒன்று மட்டும், நட்சத்திரம் போட்டு வைத்த பதிவுகளைப் பல ரீடர்கள் நாள் கணக்குப் பார்த்து அழிப்பதில்லை. அட்டன் அண்ணன் அந்த 180க்கு நட்சத்திரம் போட்டிருந்தார்.