வின்னிபெக்கில் வேகும் விலாக்கறி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே கனடாவில், வின்னிபெக்கில் நான் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? போனில் பேசும்போதெல்லாம் "அங்கே என்னதான் சாப்பிடுறே" என்று அம்மா கேட்கிறார்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் செண்பகனூர் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கொடைக்கானல் மலையில் வளர்ந்த நமக்குக் குளிர் புதிதில்லை. ஆனால் இங்கே மைனஸ் 30 வரை இறங்குகிறது. டிசம்பரில் காலை 8 மணிக்கு மேல்தான் வெயில் வரும், மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். எனக்கு ஆஸ்பத்திரியில் 12 மணி நேர ஷிப்ட், இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறேன். வந்து அடுப்புப் பற்றவைக்கத் தெம்பு இருக்காது. அப்போதுதான் கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர் ஸ்லோ குக்கர் வாங்கச் சொன்னார். இந்த ஊரில் அவர்கள் நிறையப் பேர், பன்றிக்கறி அவர்களுக்கு உயிர். இந்த ஊர் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் பன்றிப் பண்ணைகளும் அதிகம் என்பதால் கறிக்குப் பஞ்சமே இல்லை.

ஸ்லோ குக்கர் என்றால் கனமான பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, சுற்றிலும் மெதுவாகச் சூடேற்றும் கம்பி, அவ்வளவுதான். விசில் கிடையாது. காலையில் கறியைப் போட்டு 'லோ'வில் வைத்துவிட்டுப் போனால் 8 மணி நேரத்தில் வெந்து, அதுவாகவே சூடு காக்கும் நிலைக்கு மாறிவிடும். இரவு கதவைத் திறந்ததும் பூண்டும் கறியும் சேர்ந்த வாசனை வருமே அண்ணே, ஆளில்லாத வீடு என்றே தோன்றாது.

நான் இதில் வேகவைக்கும் பன்றி விலா எலும்புக் கறியை நீங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. நம் ஊர் மலை உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. விலா எலும்புக் கறிக்கு அந்தக் கவலை வேண்டாம். அதைக் கடினமாக்குவது எலும்பை ஒட்டிய நாரும் கொழுப்பும் கலந்த பகுதி, அந்த நார் 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தாலே மெல்லக் கரைந்து பாயாவில் வருகிற பிசுபிசுப்பாக மாறிவிடும். சூடு அதிகம் தேவையில்லை, நேரம்தான் தேவை. குக்கரில் நாலைந்து விசில் விட்டாலும் வேகும், எனக்கென்னவோ அதில் சாறெல்லாம் தண்ணீரில் இறங்கிக் கறி சக்கையாகிவிடுவதாகத் தோன்றுகிறது. தடித்த அடியுள்ள பாத்திரத்தில் போட்டு, மூடியைச் சுற்றி மைதா மாவை ஒட்டி, விறகு எரிந்து அடங்கிய தணலில் நாலைந்து மணி நேரம் விடுங்கள். நடுவில் தணல் ஆறாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூடியைத் திறந்து பார்க்கவே கூடாது. என் ஸ்லோ குக்கரிலேயே ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்ப அரை மணி நேரம் ஆகிறது.

கறி ஒன்றரைக் கிலோ வாங்குங்கள். எலும்புப் பக்கம் வெள்ளையாக ஒரு ஜவ்வு இருக்கும், கத்தி முனையால் ஓரத்தில் நெம்பித் துணியால் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். அதை எடுக்காவிட்டால் மசாலாவும் இறங்காது, எவ்வளவு வெந்தாலும் ரப்பர் மாதிரி பல்லில் சிக்கும். கடைக்காரரிடமே எடுக்கச் சொன்னாலும் சரி. அப்புறம் உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், தட்டிய பூண்டு தடவி இரவு முழுக்க வையுங்கள். பூண்டு நம் மலையில் விளையும் பூம்பாறைப் பூண்டாகவே இருக்கட்டும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, இங்கே கடையில் கிடைப்பதில் அந்தக் காரம் பாதி கூட இல்லை. அடியில் வெங்காயத்தைப் பரப்பி அதன்மேல் கறியை அடுக்கி, அரை டம்ளர் தண்ணீரும் கொஞ்சம் வினிகரும் விட்டால் போதும். கறியே நிறையத் தண்ணீர் விடும்.

மேலே பளபளவென்று பூசுகிற சாஸை இங்கே பிரவுன் சுகர், கெட்சப், வினிகர் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அந்த பிலிப்பைன்ஸ் அக்கா வாழைப்பழத்தில் செய்த கெட்சப் ஊற்றுகிறார், அதுவும் ருசிதான். ஆனால் நமக்கு அண்ணி மே மாதம் போட்டுவைத்த பிளம்ஸ் ஜாம் இருக்கும்போது வேறு எதுவும் வேண்டாம். புளிப்பும் இனிப்பும் அதிலேயே இருக்கிறது. வெந்த சாற்றில் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, ஜாம், பூண்டு, மிளகாய்த்தூள் போட்டுக் கரண்டியில் ஒட்டும் வரை வற்றவிடுங்கள். கறியை உடையாமல் எடுத்து, இதைப் பூசி, கம்பி வலையில் வைத்துத் தணலில் காட்டுங்கள். நான் ஓவனில் மேல்சூட்டில் 5 நிமிடம் வைக்கிறேன். மூடிய பாத்திரத்தில் ஆவி சுற்றிக்கொண்டே இருப்பதால் சிவந்து மினுங்கும் நிறம் அதற்குள் வராது, இந்தக் கடைசி நெருப்பில்தான் வரும். இனிப்பு சீக்கிரம் கருகும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

அம்மாவுக்குப் பல் வலி என்று சொன்னீர்கள். இது எலும்பிலிருந்து கையாலேயே கழன்று வரும், தைரியமாகக் கொடுக்கலாம்.

ஜாமில் அண்ணி சர்க்கரை எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். குறைவாகப் போட்டிருந்தால் சாஸில் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை சேர்க்க வேண்டியிருக்கும்.

அன்புத் தங்கை