சமன்பாட்டுக்கு முன் ஓர் அம்புக்குறி: இயற்பியல் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

விழும் பொருள் கணக்கில் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது சமன்பாடு மறந்துபோவதால் அல்ல. எந்தத் திசை நேர்க்குறி என்று முடிவு செய்யாமலே எண்களைப் போட்டுவிடுகிறார்கள். மேலே எறிந்த கல்லுக்கு ஒரு தொகுதி, கீழே விடும் கல்லுக்கு இன்னொரு தொகுதி என்று சமன்பாடுகளை மனப்பாடம் செய்ய வைப்பதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள்.

நம் ஊர்க் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கை மட்டத்திலிருந்து 30 மீட்டர் கீழே தண்ணீர். கல்லை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். ஈர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்வோம். மேல்நோக்கி ஓர் அம்பு வரைந்து நேர்க்குறி இட்டால் தொடக்கத் திசைவேகம் +5, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −30.

−30 = 5 × நேரம் − 5 × நேரம்²

தீர்த்தால் 3, −2. எறிவதற்கு முந்தைய நேரம் நமக்கு வேண்டாம். விடை 3 வினாடி. கல் ஏறி இறங்கினாலும் பாதையை இரண்டாக வெட்டத் தேவையில்லை.

இடப்பெயர்ச்சியை மட்டும் +30 என்று போட்டால் வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்து நிற்கும். பிழை தானே தெரிந்துவிடும். முடுக்கத்தையும் +10 ஆக்கினால்தான் ஆபத்து. அழகாக 2 வினாடி என்று விடை வரும். அது அதே வேகத்தில் கீழ்நோக்கி எறிந்த கல்லின் நேரம்! தண்ணீரில் மோதும் வேகமோ இரண்டு வழியிலும் 25 தான். ஆகவே வேகத்தை மட்டும் கேட்கும் வினா இந்தப் பிழையைப் பிடிக்காது. நேரத்தையும் கேளுங்கள்.

இன்னும் இரண்டு. உச்சியில் திசைவேகம்தான் சுழி, முடுக்கம் அல்ல; முடுக்கமும் சுழியானால் கல் அந்தரத்திலேயே நின்றுவிடும். தரையைத் தொடும்போது இறுதித் திசைவேகம் சுழி என்று எழுதுவதும் தவறு. நமக்கு வேண்டியது மோதுவதற்குச் சற்று முந்தைய வேகம்.

செய்து காட்ட விரும்பினால் கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுப் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். பள்ளி மாடியிலிருந்து 3.5 மீட்டர் அளந்து ரப்பர் பந்தை விடுங்கள். விழ 0.85 வினாடிதான் ஆகும். ஸ்டாப்வாட்ச் அழுத்தும் விரல் 0.2 வினாடி தாமதித்தாலே கணக்கு கெட்டுவிடும். அதனால் செல்போனில் வீடியோ எடுத்துப் படங்களை எண்ணச் சொல்லுங்கள். வினாடிக்கு 30 படம் என்றால் ஏறக்குறைய 25 வர வேண்டும்.

காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அம்புக்குறிக்கும் குறியோடு எழுதிய மூன்று மதிப்புகளுக்கும் சேர்த்து ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள்.