எங்கள் இதயத்தை ஆராய வருகிறவர்களுக்கு: முதலில் மில்லிகிராம் கணக்கைக் கொடுங்கள்

சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் இதயத்தை ஆராயும் மருத்துவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களுக்கும், குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

புதிதாக ஓர் ஆய்வு தொடங்கப்போகிறீர்கள் என்றால், இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் புது எக்கோ இயந்திரம் வாங்குவதற்கு முன்னால், மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதற்கு முன்னால், ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயைக் குணமாக்கிய மருந்தும் கதிர்வீச்சுமே பிற்காலத்தில் இதயத்தைக் கெடுக்கலாம். உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சின்ன வயதில் எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் ஏறியது? நெஞ்சில் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு பட்டது? இது தெரியாமல் செய்யும் இதய ஆய்வு பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான். கடுமையாகத் தோன்றினால் தோன்றட்டும்.

நான் சிறுவயதில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவன். அந்தச் சிவப்பு மருந்து எனக்கும் ஏறியிருக்கிறது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: சிரிஞ்சுக்குள் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு அவசரப்படாமல் ஏற்றுவார், ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று நடுநடுவே நிறுத்திப் பார்ப்பார் (வெளியே கசிந்தால் சதையே வெந்துபோகும்), அப்புறம் சிறுநீரும் அதே நிறத்தில் போகும். எவ்வளவு ஏறியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மில்லிகிராமைத் தவிர. வளர்ந்த பிறகு அந்த மருத்துவமனைக்கே போய்க் கேட்டேன், பழைய பைல்களையெல்லாம் கழித்துவிட்டோம் என்றார்கள். கையில் மிஞ்சியிருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் "கீமோதெரபி முடிந்தது, நலமாக இருக்கிறார்" என்று ஒரு வரி. நலம்தான், சந்தோஷம். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இதய மருத்துவர் என்ன செய்வார்?

ஏன் இந்த எண்ணுக்கு இவ்வளவு அடம்பிடிக்கிறேன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சொன்ன சிவப்பு மருந்து வகை, அதாவது டாக்சோரூபிசின், டானோரூபிசின் போன்ற ஆந்த்ராசைக்ளின் மருந்துகள், புற்றுச் செல்களைக் கொல்லும்போதே இதயத் தசைச் செல்களையும் பதம் பார்க்கின்றன. போன தசைச் செல்லை இதயத்தால் அனேகமாகத் திரும்ப உண்டாக்கிக்கொள்ள முடியாது. குழந்தையின் உடம்பு வளர்கிறது, வேலை கூடுகிறது, செல்களின் எண்ணிக்கை அதற்கு ஈடு கொடுப்பதில்லை. ஆபத்து மொத்த அளவோடு சேர்ந்து ஏறுகிறது. சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான சர்வதேச வழிகாட்டுக் குழு 2023இல் திருத்திக் கொடுத்த பரிந்துரைப்படி, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏறியவர்களும், நெஞ்சில் 30 கிரேயோ அதற்கு மேலோ கதிர்வீச்சு வாங்கியவர்களும் அதிக ஆபத்தில் இருப்பவர்கள், இவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு எக்கோ. 100 முதல் 250க்குள் என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒன்று. 100க்குக் கீழே, கதிர்வீச்சும் பெரிதாக இல்லை என்றால் வழக்கமாக எக்கோ தேவையே இல்லை. சரி, நான் இதில் எந்த வரிசையில் நிற்பது?

"ஹை டோஸ்", "லோ டோஸ்" என்று குறித்துவைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. மருந்துக்கு மருந்து வீரியம் வேறு, எல்லாவற்றையும் டாக்சோரூபிசின் கணக்குக்கு மாற்றித்தான் கூட்டுகிறீர்கள், அந்த மாற்று விகிதமே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மைட்டோசான்ட்ரோன் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தின் அளவை ரொம்ப நாள் நாலால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். 2019இல் வந்த ஆய்வு, இதயத்தைப் பொறுத்தவரை பத்துக்கு மேல் பெருக்க வேண்டும் என்றது. மருந்தின் பெயரும் அதன் அசல் அளவும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால் புது விகிதத்தைப் போட்டு ஒரு நிமிடத்தில் திரும்பக் கணக்குப் போடலாம். "மொத்தம் குறைவு" என்று மட்டும் எழுதிவைத்த பைலில் அந்தக் குழந்தை காலத்துக்கும் தவறான வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இது முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய சிறுவயதுப் புற்றுநோய் மீண்டோர் ஆய்வு, 1970 முதல் சிகிச்சை பெற்றவர்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொருவர் பைலையும் பிரித்து மருந்தளவைக் கையால் எடுத்து எழுதியது, ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுடைய அண்ணன் தம்பி அக்கா தங்கைகளையும் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் 2009இல் 14,358 பேரை வைத்து, உடன்பிறந்தவர்களைவிட இவர்களுக்கு இதயச் செயலிழப்பு 5.9 மடங்கு, மாரடைப்பு 5 மடங்கு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. நோய் கண்டு 30 ஆண்டு வரையிலும் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதையும் அதில்தான் பார்த்தோம். பின்னால் வந்த குழந்தைகளுக்கு நெஞ்சுக் கதிர்வீச்சைக் குறைத்த பிறகு, 1990களில் சிகிச்சை பெற்றவர்களிடம் இதய ரத்தக்குழாய் நோய் 1970களில் பெற்றவர்களைவிடக் குறைந்ததும் இதே ஆய்வில்தான் தெரிந்தது. பழைய பைலைத் தூசி தட்டி எடுத்த வேலைக்குக் கிடைத்த பலன் இது. என்னைக் கேட்டால் எந்தப் புது மருந்துக்கும் குறைந்ததில்லை.

பணம் ஒதுக்குகிறவர்களிடம் தனியாக ஒன்று. மூன்று ஆண்டுத் திட்டம், ஐந்து ஆண்டுத் திட்டம் என்று கொடுத்துவிட்டு முடிவு எங்கே என்று கேட்காதீர்கள், இந்த நோய் உங்கள் நிதியாண்டைப் பார்த்து வருவதில்லை. டெக்ஸ்ராசாக்சேன் கதையைப் பாருங்கள். ஆந்த்ராசைக்ளினோடு கொடுத்தால் இதயத்தைக் காக்கும் என்ற மருந்து, இன்னொரு புற்றுநோய் வந்துவிடுமோ என்ற பயத்தில் 2011இல் ஐரோப்பாவில் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றார்கள், 2017இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். பழைய சோதனைகளில் இருந்த குழந்தைகளை ஏறக்குறைய 18 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோதுதான், அந்த மருந்து வாங்கியவர்களின் இதயம் நன்றாக இருந்தது கண்கூடாகத் தெரிந்தது. இடையில் தொடர்பு அறுந்திருந்தால் இன்னும் வாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தொடர்பு அறுவது எங்கள் பக்கத்திலும் நடக்கிறது, மறைக்கவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில், கல்யாணப் பேச்சில், காப்பீட்டுப் படிவத்தில் "முன்பு இருந்த நோய்கள்" என்ற கட்டத்தைப் பார்த்ததும் பேனா நின்றுவிடுகிறது. அப்படி ஒதுங்கிப் போனவர்களைத்தான் உங்கள் ஆய்வு முதலில் தேட வேண்டும், ஏனென்றால் ஒழுங்காக ஃபாலோ-அப் வருகிறவர்களை மட்டும் எண்ணினால் படம் கோணலாகத்தான் வரும். கடிதம் திரும்பி வந்தால் விட்டுவிடாதீர்கள், போன் பண்ணுங்கள், பயணச் செலவைக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை எக்கோ எடுங்கள்.

எக்கோ என்றதும் இன்னொன்று. இடது பக்கமாகப் படுத்து, நெஞ்சில் ஜில்லென்று ஜெல் தடவி, "என்ன பிரச்சினைக்கு எடுக்கறீங்க?" என்று கேட்பார்கள். சொன்னால், "அது அப்பவே சரியாயிடுச்சே?" என்பார்கள். கடைசியில் ரிப்போர்ட்டில் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60%, இயல்பு என்று வரும். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எண் இயல்பாக இருந்தவர்களிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குத் தசை நீள்சுருக்க அளவிலோ இதயம் விரியும் விதத்திலோ கோளாறு தெரிந்தது. ஆகவே ஸ்ட்ரெயின் என்ற அந்தத் தசைச் சுருக்க அளவையும் எடுங்கள். கூடவே கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பாருங்கள், ரொம்பச் சாதாரண விஷயம்தான், ஆனால் ஆந்த்ராசைக்ளினும் உயர் ரத்த அழுத்தமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், இரண்டின் ஆபத்தையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக ஏறுகிறது. பி.பி.யை மாத்திரையால் அடக்கலாம், ஏறிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

குழந்தைகள் பிரிவை நடத்துகிறவர்களே, உங்களிடம் கேட்பது ஒரே ஒரு தாள். சிகிச்சை முடிகிற அன்றே, மருந்தின் பெயர், சதுர மீட்டருக்கு மொத்த மில்லிகிராம், அப்போதைய வயது, கதிர்வீச்சு பட்ட இடம், கிரே, டெக்ஸ்ராசாக்சேன் கொடுத்தீர்களா இல்லையா. பெற்றோர் கையில் ஒன்று, உங்கள் கணினியில் ஒன்று. பிள்ளை வளர்ந்ததும் அவனிடமோ அவளிடமோ இன்னொன்று, ஆய்வுக்குச் சம்மதமா என்று அவர்களையே புதிதாகக் கேட்டு.

என்னைப் போல எண் தொலைந்துபோனவர்களையும் ஆய்விலிருந்து தள்ளிவிடாதீர்கள். எந்த ஆண்டில், எந்தச் சிகிச்சைத் திட்டத்தில் இருந்தோம் என்று தெரிந்தால் தோராயமாக எவ்வளவு ஏறியிருக்கும் என்று உங்களால் கணிக்க முடியும், அதைத் "தோராயம்" என்றே தனியாகக் குறித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அழைத்தால் வருகிறேன், ரத்தமும் தருகிறேன். எக்கோ முடிந்ததும் அதன் பிரதி ஒன்றை என் கையிலும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் விடுபட்டுப் போன ஒருவன்