மழைக்குக் காசு வாங்கிக்கொண்டு ஷவரைக் காட்டியது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆப்பில் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது, அதனால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியதற்கெல்லாம் "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது, அதுவும் ராத்திரி நேரத்தில். யாராவது ஒரு மனுஷர் உட்கார்ந்து கடைசி வரை படித்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். பதிவு எண் மின்னஞ்சலின் பொருள் வரியில் இருக்கிறது.

விஷயம் உங்கள் மான்சூன் பேக்கேஜ். குடகு, நடு விலை ஸ்லாப், எஸ்டேட் வீட்டோடு வருவது. அதில் என்னென்ன அடக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பட்டியல் போட்டதே நீங்கள்தானே. பாகமண்டலா பக்கம் ஓட்டு வீடு, தூணுக்குத் தூண் ஐமரா பலகை போட்ட திண்ணை, திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்க மழை பார்க்கலாம், மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, மழை விட்டால் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு நடை, விடாவிட்டால் இன்னும் நல்லது. "விடாவிட்டால் இன்னும் நல்லது" என்பது உங்கள் விளம்பரத்தில் இருந்த வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் 38,400 ரூபாய் கட்டினேன்.

தேதியும் யோசித்துப் போட்டதுதான். ஆடி 18. அம்மா திருவையாற்றில் பிறந்து வளர்ந்தவர், பதினெட்டாம் பெருக்குக்குக் காதோலை கருகமணி விட்ட படித்துறை எல்லாம் இன்னும் வாயில் இருக்கிறது. இந்த வருஷம் காவிரி கிளம்புகிற இடத்திலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. அதே சமயத்தில்தான் குடகுக்காரர்களுக்கும் கக்கட மாதப் பதினெட்டு. மருந்துத் தழை என்று ஒரு செடியைக் கொதிக்க வைத்து, ஊதா நிறத்தில் இறங்குகிற அந்தச் சாற்றில் பாயசம் வைப்பார்கள், அன்றைக்கு அந்தத் தழையில் 18 மருந்தும் சேர்ந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதுவும் உங்கள் பேக்கேஜில் இருந்தது, படத்தோடு. அம்மா அந்தப் படத்தைத் தன் தங்கைகளுக்கெல்லாம் அனுப்பி வைத்திருந்தார்.

சரி, நடந்தது என்ன? ஹுணசூர் தாண்டி பிரியாபட்டணத்தை நெருங்கும்போது போனில் மணி அடிக்கிறது: "வாழ்த்துகள்! உங்கள் தங்குமிடம் இலவசமாக உயர்த்தப்பட்டுள்ளது." உயர்த்திய இடம் எது? குஷால்நகரில் ஒரு கான்கிரீட் ரிசார்ட். பாகமண்டலாவிலிருந்து குஷால்நகருக்கு இறக்கிவிட்டு அதற்குப் பெயர் உயர்வாம். குடகில் தொழில் செய்கிற கம்பெனிக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கம் மோதி, கொண்டு வந்ததை அங்கேயே கொட்டிவிடும். தலைக்காவிரி, பாகமண்டலா எல்லாம் அந்தக் கொட்டுகிற பக்கம். குஷால்நகர் கிழக்கே, மைசூர் சமவெளி தொடங்குகிற ஓரம், அங்கே விழுவது மிச்சம் மீதி. மழை பார்க்க வந்தவனை அந்த மாவட்டத்திலேயே மழை குறைவான மூலைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இது தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா என்பதை மட்டும் எழுத்தில் கொடுங்கள்.

அங்கே வெயில் அடித்தது என்று சொல்லவில்லை. தூறியது. நம் பெங்களூர் ராமமூர்த்தி நகரில் அதைவிட நன்றாகத் தூறும்.

சாயங்காலம் ரிசப்ஷனில் போய்ச் சொன்னேன், மழைக்குத்தானே காசு கட்டினோம் என்று. அந்தப் பையன் முகத்தில் ஒரு சந்தோஷம், "ரெயின் டான்ஸ் இருக்கு சார், ஏழு மணிக்கு" என்றான். பின்பக்கம் சிமெண்ட் தரையில் மேலே குழாய் கட்டி, அதில் ஷவர் தலைகள், கீழே டிஜே, தண்ணீர் டேங்கர் தண்ணீர். நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒருவர் வந்து, ஆன்ட்டி நீங்களும் வாங்க என்று கையைப் பிடித்து இழுக்கிறார். சாப்பாடு பஃபே. பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ். கடம்புட்டு எங்கே, பன்றிக்கறி எங்கே, அம்மாவுக்குச் சொல்லி வைத்த மூங்கில் குருத்துக் கறி எங்கே? கக்கட மாதத்தில் குடகுக்குப் போய் மஞ்சூரியன் தின்றுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

உடனே போன் போட்டேன். இங்கேதான் உங்கள் எஸ்கலேஷன் டெஸ்க்கில் இருக்கிற அந்த நபர் வருகிறார். பேச்சில் மதுரைப் பக்கம் தெரிந்தது, நம்ம ஊர்க்காரர், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். முதலில், பாகமண்டலா ரோடு மண் சரிந்து மூடிவிட்டது என்றார். சரி, பாதுகாப்பு முக்கியம். 2018 ஆகஸ்டிலும் 2020 ஆகஸ்டிலும் அந்த மாவட்டத்தில் மண் சரிந்து என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். உண்மையிலேயே ரோடு மூடியிருந்தால் நானே வண்டியைத் திருப்பியிருப்பேன், ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஆனால் வவுச்சரில் எஸ்டேட் உரிமையாளரின் நம்பர் இருக்கிறதே, அதை அழிக்க மறந்துவிட்டீர்கள். அவரைக் கூப்பிட்டேன். ரோடு திறந்துதான் இருக்கிறது, காலையில் பஸ் வந்து போனது, அறைகளும் காலி, உங்கள் கம்பெனி எனக்குப் பணம் அனுப்பவில்லை, பதிவையும் உறுதி செய்யவில்லை என்றார். அப்புறம் அவராகவே, நேற்று மட்டும் ஐந்து இஞ்ச் என்றார். அங்கே எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மழைமானி வைத்து இஞ்ச் கணக்கில் எழுதி வைப்பார்கள். ஐந்து இஞ்ச்! அந்த மனிதர் பெருமையாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் டிஜே சத்தத்துக்குள் நின்றிருந்தேன்.

இதை உங்கள் ஆளிடம் திரும்பப் போய்ச் சொன்னபோது வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன், ரெக்கார்டிங் உங்களிடமே இருக்கும்: "சார், மழையைப் பாக்கவா இவ்வளவு தூரம் போறீங்க? சில்க் போர்டுல நின்னாலே போதுமே." பெங்களூரில் வண்டிகள் நகராமல் நிற்கிற அந்தச் சந்திப்பைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்னால் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. காவிரி பார்க்கணும் என்றால் குஷால்நகரிலும் ஓடுகிறது, போய்ப் பாருங்கள் என்றார். ஓடுகிறது, இல்லை என்று யார் சொன்னது? ஸ்ரீரங்கத்திலும்தான் ஓடுகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலத்துப் பக்கம் போய்ப் பார்த்தோம், செம்மண் கலங்கலாக நிறையத் தண்ணீர். ஆற்றுத் தீவில் இருக்கிற நிசர்கதாமா பூங்காவை வெள்ளம் என்று மூடி வைத்திருந்தார்கள். அம்மா பூவும் வெற்றிலையும் ஓரமாக வைத்துவிட்டு வந்தார். அவருக்கு 72 வயது, இன்னொரு ஆடிக்கு முழங்கால் ஒத்துழைக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? இதை எந்த ரீஃபண்ட் ஈடுகட்டும்?

திரும்பி வந்த பிறகுதான் உண்மையான அலைச்சல். ஆப்பில் டிக்கெட் போடு, டிக்கெட் மூடப்பட்டது, புதிதாகப் போடு, பழையது இருக்கும்போது புதியது ஏற்க முடியாது. சாட்டில் வருவது மனுஷனா மிஷினா என்றே தெரியவில்லை, நான் குடகு என்றால், கூர்க்கும் அதுதான் என்று தெரியாமல், அது கூர்க் பேக்கேஜ் வேண்டுமா என்று கேட்கிறது. நேரில் போனால் முடியும் என்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உங்கள் ஜே.பி. நகர் அலுவலகத்துக்கு வந்தேன். டின் ஃபேக்டரி, மாரத்தஹள்ளி, சில்க் போர்டு, இந்த வழியில் மழை நாளில் வருவது என்றால் என்ன என்று பெங்களூரில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். சில்க் போர்டில் சிக்னலுக்கு நின்றபோது, நனைந்துகொண்டே, உங்கள் ஆள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. வந்து சேர்ந்தால், முன்கூட்டி நேரம் வாங்காதவர்களைப் பார்க்க மாட்டார்களாம். நேரம் எங்கே வாங்குவது? ஆப்பில். ரிசப்ஷன் சுவர் முழுக்க மழையில் நனைந்த காப்பித் தோட்டம் படம் மாட்டியிருக்கிறீர்கள், நல்ல படம், அந்த வீடுதான், அதே திண்ணை. சொட்டச் சொட்ட அதன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, செக்யூரிட்டியை விட்டு, சார் ஆபீஸ் டைம் முடிஞ்சுது என்று சொல்ல வைத்தீர்கள். அந்த செக்யூரிட்டி மேல் எனக்கு வருத்தமில்லை, டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

ஒன்று கேட்கிறேன். மழையைப் பிடிக்காதவர்கள் மழைப் பேக்கேஜ் எதற்கு விற்கிறீர்கள்? கடைசியாக வந்த உங்கள் பதிலில் "ஆஃப் சீசன் என்பதால் வெளியே பார்க்க அதிகம் இல்லை, எனவே வாடிக்கையாளர் நலன் கருதி" என்று இருக்கிறது. காப்பி பறிக்கிற காலம் இல்லை, செடியில் பச்சைக் காய்தான் இருக்கும், அருவிப் பக்கம் விட மாட்டார்கள், துபாரேயில் படகு ஓடாது, எல்லாம் தெரிந்துதான் வருகிறோம். எதையும் பார்க்க வேண்டாம் என்றுதான் வருகிறோம். ஓட்டில் விழுகிற சத்தம், எதிரே மலை தெரிவதும் மறைவதும், வயலில் கம்பளி போர்த்தி நாற்று நடுகிறவர்கள், கரண்ட் போனால் அடுப்படியில் போய் உட்காருவது. இங்கே மழை என்றால் அண்டர்பாஸில் தண்ணீர் நிற்குமா, ஆட்டோ கிடைக்குமா, அடுத்த மீட்டிங்குக்குள் போய்ச் சேருவோமா என்ற கவலைதான். ஒரு மழையைக் கவலை இல்லாமல் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் உங்களிடம் வாங்கிய பொருள், அதைத்தான் நீங்கள் கொடுக்கவில்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம், நீங்களும் வேலை பார்க்கிறவர்கள்தான். நான் கேட்பது இவ்வளவுதான். 38,400 ரூபாய் முழுதாக, வங்கிக் கணக்குக்கு. வவுச்சர், பாயிண்ட், அடுத்த பயணத்தில் தள்ளுபடி, எதுவும் வேண்டாம். இதற்கென்றே வாங்கிய மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், அட்டை கடிக்காமல் இருக்கப் போடுகிற சாக்ஸ், எல்லாவற்றுக்கும் பில் இணைத்திருக்கிறேன், சாக்ஸ் பாக்கெட் இன்னும் பிரிக்கவில்லை. குஷால்நகரில் அட்டை எங்கே இருந்தது கடிக்க? மன உளைச்சலுக்கு 5 லட்சம். சிரிக்காதீர்கள், அம்மாவின் ஆடிப்பெருக்குக்கு அதுவே குறைவு என்பது என் எண்ணம். அந்த எஸ்கலேஷன் டெஸ்க் நபர் என்னிடம் இல்லை, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தமிழில்.

15 நாள் தருகிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் நிபந்தனைகளில் எந்த ஊர் நீதிமன்றம் என்று எழுதி வைத்திருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயமில்லை, கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. எஸ்டேட் உரிமையாளர், அன்றைக்கு அறை காலியாக இருந்தது என்று எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் "வாழ்த்துகள்" செய்தியின் படமும் பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை, பணத்தைப் போட்டுவிட்டால் இதோடு விட்டுவிடுகிறேன். பதிலை ஆப்பில் டிக்கெட்டாகப் போட வேண்டாம், இதே மின்னஞ்சலுக்கு, பெயரும் பதவியும் போட்டு ஒருவர் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ராமமூர்த்தி நகரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வவுச்சர், பணம் கட்டிய ரசீது, பில்கள், ஷவர் படம்